பார்த்துச் செஞ்சுடுங்கண்ணா

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் நேரான சாலை கிடைத்தது. மூன்றாவது கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இன்ஜின் பிடியிலேயே என் பழைய காரை இறக்கிக்கொண்டிருந்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர் லீவர் தானாக நடுவுக்கு வந்து நின்றது. வண்டி நியூட்ரலில் உருள ஆரம்பித்தது. 1969-ம் வருடத்து டிரம் பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வளைவு எந்த வள்ளலுடையது என்று பலகையைப் பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் அன்று எனக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. வாணியம்பாடி வந்து டீ குடிக்கும்போதுதான் கேட்டாள். “இதுக்குத்தான் முப்பத்தெட்டாயிரம் குடுத்தீங்களா?”

அந்த 38,000 ரூபாய்க்கு என்னிடம் இருந்த ரசீதில் ஒரே வரிதான்: ‘கியர்பாக்ஸ் ஓவராயில் 38,000’. அதாவது பெட்டியை முழுதாகப் பிரித்துச் சரிசெய்ததாம். கீழே ஒரு கையெழுத்து. எதை மாற்றினார்கள், எதை அப்படியே விட்டார்கள், எத்தனை மாதம் பொறுப்பு, ஒன்றும் கிடையாது. நான் குறை சொல்லவும் வாயில்லை. வண்டியை விடும்போது நான் சொன்னதும் ஒரே வரிதான். “பார்த்துச் செஞ்சுடுங்கண்ணா.”

தச்சரிடம், கொத்தனாரிடம், டெய்லரிடம், எல்லோரிடமும் இதைச் சொல்லியே வளர்ந்துவிட்டோம். அதில் மரியாதை உண்டு, நம்பிக்கை உண்டு, கூலியைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்கிற கெஞ்சலும் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மார்க் 3, நாலு கதவு. அப்பா இரண்டாவது கையாக வாங்கியது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதைத் தயாரித்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. ஆனால் நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் வந்தது, அதாவது நம் ஊர் கைவேலை. தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. நான் இருப்பது தாம்பரம். வண்டி பிறந்த இடம் கூப்பிடு தூரம்தான், ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. 1988 வாக்கில் கார் தயாரிப்பே நின்றுவிட்டது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இன்றைக்கும் பார்ட்ஸ் கிடைக்கும், வேலை தெரிந்த கைகளும் உண்டு. ஹெரால்டுக்கு இரண்டுமே அரிது. கியர்பாக்ஸைக் கொடுப்பதற்கு முன்னால் இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

கோளாறு என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று, முதல் மூன்று கியர்களில் ஓர் உறுமல், நாலாவதில் போட்டால் கப்சிப். இன்னொன்று, இரண்டாவது கியர் போடும்போது ‘கர்ர்’ என்று பல்லோடு பல் உரசும்.

இந்த உறுமல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் பயன்படும். இந்த மாதிரி நாலு கியர் பெட்டியில் நாலாவது கியர் நேர் கியர். இன்ஜின் பக்கமிருந்து வரும் ஷாப்டும் பின்னால் போகும் ஷாப்டும் நேராகப் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். கீழே லே ஷாப்ட் என்று ஒரு தண்டு படுத்திருக்கும். அதன் மேல் ஊசி ஊசியாக நீடில் பேரிங், அதற்கு மேல் பற்சக்கரக் கொத்து. நாலாவது கியரில் அந்தக் கொத்து சும்மா சுற்றுமே தவிர பாரம் சுமக்காது. மற்ற மூன்று கியர்களிலும் முழு பாரமும் அதன் வழியாகத்தான் போகும். ஆகவே நாலில் அடங்குகிற சத்தம் என்றால் முதல் சந்தேகம் லே ஷாப்டின் மேல். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் சத்தம் இருந்து, கிளட்சை மிதித்தால் நின்றுபோனால் அது இன்புட் ஷாப்ட் பேரிங்காகவோ லே ஷாப்டாகவோ இருக்கும். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதையெல்லாம் பெட்டியைத் திறக்காமலே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நான் பார்க்கவில்லை. “சத்தம் வருது, என்னன்னு பாருங்க” என்றுதான் கொடுத்தேன்.

கொடுத்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த அண்ணன் மோசடிக்காரர் அல்ல. அம்பாசடர் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். அவர் கையில் ஓடும் டாக்சிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஆரம்பத்திலேயே ஓர் அறிகுறி கிடைத்தது. வண்டியை விட்ட மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பட்டறைப் பையன் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தான். “எப்படி இறக்குறதுன்னே புரியல சார்.” ஹெரால்ட் கியர்பாக்ஸ் கீழே இறங்காது, மேலே வரும். முன் சீட்டுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் டனல் கவரை எடுத்துவிட்டு, காருக்குள்ளிருந்துதான் பெட்டியைத் தூக்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவருக்குக் கல்யாண வீட்டு அண்டாவை ஹாலிலிருந்து தூக்குவது மாதிரி இருக்கும். நான் சொன்னதும் பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இந்தப் பெட்டியை இவர்கள் இதற்கு முன்னால் தொட்டதே இல்லை என்பதுதான் அந்தக் காட்சிக்கு அர்த்தம். அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “அண்ணா, ஹெரால்ட் எத்தனை பிரிச்சிருக்கீங்க?”

பத்து நாள் என்றது இருபத்தைந்து நாளானது. “நாளைக்கு வந்துடுங்க சார்” என்ற வார்த்தையை மட்டும் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். கடைசியில் ஒரு சாயங்காலம் வண்டி தயார். சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று, மொத்தம் இரண்டு கிலோமீட்டர் டிரயல் அடித்தேன். உறுமல் குறைந்திருந்தது. இரண்டாவது கியர் முன்பைவிட வழவழவென்று விழுந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு கிலோமீட்டரில் எதுவும் தெரியாது. கியர் ஆயில் ஆறி இருக்கும்போது கெட்டியாக இருக்கும், தேய்மானத்தையெல்லாம் அது மூடிவிடும். சூடேறி இளகிய பிறகுதான் பெட்டி உண்மையைப் பேசும். இப்போது நான் யாருக்குச் சொன்னாலும் குறைந்தது முப்பது கிலோமீட்டர் என்கிறேன். ஒவ்வொரு கியரிலும் வேகம் எடுத்து, சட்டென்று காலை எடுத்துப் பார்க்க வேண்டும். கியர் கழலும் நோய் அப்படிக் காலை எடுக்கும் நொடியில்தான் பெரும்பாலும் வெளியே வரும். ஒரு மேடு, ஒரு இறக்கம், நாலைந்து முறை ரிவர்ஸ். முடிந்து வந்ததும் ஒரு பழைய அட்டையை அடியில் போட்டு இரவு முழுக்க நிறுத்த வேண்டும். பணம் இதற்கெல்லாம் அப்புறம்தான்.

நான் அந்த அட்டையைப் போட்டது மூன்றாவது வாரம், வாசல் சிமெண்ட் தரையில் கறை பார்த்த பிறகு. கியர்பாக்ஸின் பின்பக்கமிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உறுமலும் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் ஏலகிரி.

திரும்பி வந்த மறுநாளே பட்டறைக்குப் போனேன். இப்படிப் போகக் கூடாது என்பதற்கு என்னையே உதாரணமாகச் சொல்லலாம். உள்ளே நுழையும்போதே குரல் உயர்ந்துவிட்டது. ஆறு பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் முதலில், “பழைய வண்டி சார், அப்படி இப்படித்தான் இருக்கும்” என்றார். நான் உயிர் போக இருந்த கதையைச் சொன்னேன், இன்னும் சத்தமாக. தன் பையன்கள் முன்னால் ஒரு மெக்கானிக்கைத் திருடன் மாதிரி நிற்க வைத்தால் அவர் என்ன செய்வார்? முகம் இறுகிவிட்டது. “அப்ப வேற எடத்துல பாத்துக்குங்க சார்.” வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே வேறொரு பட்டறைக்கு போன் போட்டேன். அவர் உற்சாகமாக, “கொண்டாங்க, நாளைக்கே பிரிச்சுப் பாத்துடலாம்” என்றார். கொண்டுபோயிருப்பேன். இன்னொரு ஹெரால்ட் வைத்திருக்கும் நண்பர்தான் தடுத்தார். “முதல்ல செஞ்சவரு இல்லாம பெட்டியத் தொறந்தீங்கன்னா அத்தோட முடிஞ்சுது. உள்ள என்ன இருந்தாலும், அது நீங்க பிரிச்சப்ப ஆனதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாரு.” அடுத்தவர் கை பட்டுவிட்டால் யார் எதைச் செய்தார்கள் என்று எந்த மன்றத்திலும் நிரூபிக்க முடியாது.

மன்றம் என்றதும், அதையும் விசாரித்தேன். காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு இருந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், பட்டறை வேலையும் இதில் அடங்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, இணையத்திலேயே பதியலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். எல்லாம் சரி. ஆனால் என் கையில் இருந்தது அந்த ஒற்றை வரி ரசீது. ‘ஓவராயில்’ என்றால் என்னென்ன என்று எங்கேயும் எழுதியில்லை. லே ஷாப்டை மாற்றுவதாக அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நியாயம் என் பக்கம் இருக்கலாம், காகிதம் இல்லை. 1915-ஐ போனில் சேமித்து வைத்துக்கொண்டு, முதலில் வேறு வழியில் போகலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் ஆறப்போட்டேன். அதற்குள் மூன்று காரியம் செய்தேன். ஓடோமீட்டர் எண்ணோடு சேர்த்து, எந்தக் கியரில், எந்த வேகத்தில், சூடாகவா ஆறியா என்று குறைகளை ஒரு தாளில் எழுதினேன். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, லீவர் தானாகக் கழலுவதை போனில் படம் எடுக்கச் சொன்னேன். அட்டையில் விழுந்த ஆயில் கறையைத் தேதி போட்டுப் படம் எடுத்தேன். பிறகு ஒரு மதிய வேளையில், பையன்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் போனேன். அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாளை நீட்டி, “ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணா” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

வண்டலூர் மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். இறக்கத்தில் மூன்றாவதில் காலை எடுத்தார். ‘டக்’. லீவர் அவர் உள்ளங்கையைத் தட்டிவிட்டு நடுவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். “பிரிச்சுடலாம் சார்” என்றார்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பிரிக்கும்போது நான் இருப்பேன், என்னோடு ஒரு பெரியவரும் வருவார். நண்பர் மூலம் கிடைத்தவர் அவர். ஹெரால்ட் ரோட்டில் நிறைய ஓடிய காலத்திலேயே அதில் வேலை பார்த்தவர், இப்போது கை நடுக்கத்தால் பட்டறை வைப்பதில்லை. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். பெரியவர் வந்த விதம்தான் காரியத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வந்ததும் குறை சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “தம்பி, இந்தப் பெட்டிய மேல தூக்கறதே ஒரு வேலை. இடுப்பு போயிருக்குமே” என்றார். அண்ணனுக்கு முகம் இளகியது.

உள்ளே இருந்தது இதுதான். நீடில் எல்லாம் புதிது, பளபளவென்று இருந்தது. அவை ஓடுகிற லே ஷாப்ட் பழையது. பாரம் விழுகிற பக்கத்தில் மேல்தோல் உரிந்து, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. குழி விழுந்த ஷாப்டில் புது நீடில் போட்டால் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். அப்புறம் அந்தக் குழியின் ஓரங்கள் புது நீடிலையும் தின்றுவிடும், உதிரும் இரும்புத் தூள் ஆயிலில் கலந்து மற்ற பேரிங்குகளுக்கும் போகும். உறுமல் ஒரு மாதத்தில் திரும்பியதற்கு இதுதான் காரணம். கியர் போடும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை வளையம்தான் சின்க்ரோ ரிங்; இரண்டாவது கியருக்கு அதை மாற்றியிருந்தார், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் பழையதே. மூன்றாவது, நாலாவது கியரைத் தள்ளுகிற ஃபோர்க்கின் முனை தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தது. டாப் கவரில், ஃபோர்க்கை நகர்த்தும் செலக்டர் ராடை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் ஹெரால்டுடையதே அல்ல, வேறு எதிலிருந்தோ எடுத்து அளவுக்கு வெட்டிப் போட்டது. பெரியவர் அதை இரண்டு விரலால் அழுத்திக் காட்டினார், பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங் மாதிரி படிந்தது. தேய்ந்த ஃபோர்க்கும் தளர்ந்த ஸ்பிரிங்கும் சேர்ந்தால் மலையில் கியர் கழலாமல் என்ன செய்யும். போதாததற்கு, பேக்கிங் ஓரமெல்லாம் பேஸ்டை அப்பியிருந்ததில் அதன் துணுக்குகள் ஆயிலுக்குள் மிதந்தன.

“ஷாப்ட் ஏன் தம்பி மாத்தல?” என்று பெரியவர் கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி, “ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை ரெண்டுலயும் தேடிட்டேங்கய்யா. கெடைக்கல. கெடைக்கலன்னு சொன்னா சார் வண்டிய எடுத்துட்டுப் போயிடுவாரு. சீட்டெல்லாம் கழட்டிப் போட்டாச்சு. பார்த்து செஞ்சுடுங்கன்னு வேற சொல்லிட்டாரு” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் கோபம் வரவில்லை. கிடைக்கவில்லை என்று ஒரு போன் போட்டிருந்தால் நான் இரண்டு மாதம் காத்திருப்பேன். ஆனால் காத்திருப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் போன் போட்டபோதெல்லாம் கேட்டது, எப்போது முடியும் என்பது மட்டும்தான். ஒருநாள்கூட, உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதில்லை. இருந்தாலும் அவர் செய்தது தவறுதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. மாற்றாத பாகத்தை மாற்றவில்லை என்று சொல்லாமல் முழுப் பணம் வாங்கியது தவறு.

அங்கேயே உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மறுபடி பிரித்துப் பூட்ட கூலி கிடையாது. பேரிங், சீல், பேக்கிங் அவர் செலவு. லே ஷாப்ட், சின்க்ரோ ரிங், வாஷர் வகையறா நான் வாங்கித் தர வேண்டும். வாங்கின பணத்தில் 9,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஃபோர்க் முனையை அவர் தெரிந்த இடத்தில் வெல்டிங் ஏற்றி, அளவுக்குச் சாணை பிடித்துத் தருவார். இதையெல்லாம் பட்டறை லெட்டர்பேடில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முழுப் பணமும் திரும்பக் கேட்டிருக்கலாமே என்று மைத்துனர் இன்றைக்கும் சொல்கிறார். கேட்டிருக்கலாம். பணம் வந்திருக்கும், சீட் இல்லாத காரும் பிரித்த பெட்டியும் என் வாசலில் கிடந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஓடுகிற வண்டி.

பார்ட்ஸுக்கு மூன்று மாதம் ஆயிற்று. புதுப்பேட்டையில் ஒரு முழு நாள் அலைந்ததில் ஒரு டாப் கவர் முழுதாகக் கிடைத்தது, அதில் அசல் ஸ்பிரிங்குகள் இருந்தன. லே ஷாப்டை லேத்தில் கடைந்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாதாரண இரும்பைக் கடைந்து பளபளப்பாக்கினால் பார்வைக்கு அதே ஷாப்ட்தான், ஆனால் நீடில் நேராக ஓடும் இடம் அது, மேல்தோல் கண்ணாடி மாதிரி கடினமாக இருக்க வேண்டும். அதற்குரிய உருக்கை வாங்கி, கடைந்து, மேல்தோலைக் கடினப்படுத்தி, பிறகு கிரைண்டிங் செய்ய வேண்டும். ஒரே ஒரு ஷாப்டுக்காக அத்தனையையும் ஒழுங்காகச் செய்து தரும் ஆளைக் கண்டுபிடிப்பது, ஷாப்டைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். கடைசியில் இங்கிலாந்திலிருந்தே தருவித்தேன். அங்கே ஹெரால்டையும் அதே டிரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர் காரையும் ஆசையாக வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்களுக்காக இந்தப் பாகங்களை இன்னும் செய்கிறார்கள். கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்து 21,000 ஆனது. புது ஷாப்ட் வந்ததும் பெரியவர் செய்த முதல் காரியம், நீடில் படாத ஓரத்தில் ஓர் அரத்தை வைத்து இழுத்துப் பார்த்ததுதான். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கடித்திருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பார். புதிதாகச் செய்து விற்பதிலும் மெத்தென்று இருப்பவை உண்டாம்.

இரண்டாவது முறை பூட்டும்போது நான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். லே ஷாப்ட் அளவுக்குச் சற்று மெலிதாக, பற்சக்கரக் கொத்தின் நீளத்துக்கே ஒரு டம்மி ஷாப்டை லேத்தில் கடைந்து வாங்கினோம். கொத்துக்குள் கிரீஸைத் தடவி நீடில்களை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, நடுவில் டம்மியைச் செருகி, அப்படியே பெட்டிக்குள் இறக்கி, பிறகு நிஜ ஷாப்டைத் தள்ளினால் டம்மி மறுபக்கம் வெளியே வந்துவிடும். நீடில் ஒன்றுகூட இடம் மாறாது. முதல் தடவை இது இல்லாமல் விரலாலேயே நெம்பிக்கொண்டு இரண்டு நாள் அவஸ்தைப்பட்டதாக அண்ணன் சொன்னார். சின்க்ரோ ரிங்கை அது உட்காரும் கோனில் அழுத்தித் திருகி, பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பக்கவாட்டு ஆட்டத்தை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை வைத்து அளந்து, மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, வாஷரை மாற்றினோம். மேனுவலின் நகலை நான்தான் கொண்டுபோனேன். முதல் முறையே கொண்டுபோயிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இதற்கு நடுவே இன்னொன்று வெளியே வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது கியர் ‘கர்ர்’ என்றதற்குப் பாதிக் காரணம் கியர்பாக்ஸே இல்லை. பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஸ்லேவ் சிலிண்டர் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை, அதனால் உள்ளே பற்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பெரியவர் இதைக் கண்டுபிடித்த விதம் எளிது. இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. அத்தனை நேரம் காத்திருந்தும் உரசினால் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். உரசியது. சில நூறு ரூபாய் ரப்பர் கிட்டில் சரியானது. இதை முதல் நாளே செய்திருந்தால் அப்போதைக்குக் கியர்பாக்ஸை லே ஷாப்டுக்காக மட்டும் திறந்திருக்கலாம்.

ஆயில் விஷயத்திலும் ஒரு வார்த்தை. முதல் முறை ஊற்றியது ஜிஎல்-5 ரகம். டப்பாவில் ஆயிலின் கெட்டித்தன்மை 90 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது சகஜம். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 நல்லது. பித்தளைச் சின்க்ரோ உள்ள பழைய பெட்டிக்கு ஆகாது. அதில் சேர்க்கும் ரசாயனம் பித்தளையை அரிக்கக்கூடும், ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். இப்போது ஜிஎல்-4 ரகத்தில் 90, அளவு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். 500 கிலோமீட்டரில் ஒருமுறை இறக்கி, அடியில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தோம். மீசை மாதிரி மெல்லிய தூள் மட்டும்தான் இருந்தது. பெரியவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஏலகிரிக்கு ஒருமுறை போய் வந்தேன். மனைவி வரவில்லை, மகன் வந்தான். மூன்றாவது கியர் இறங்கி முடியும்வரை அசையவில்லை. இந்தத் தடவை வள்ளல்களின் பெயரையெல்லாம் படித்துக்கொண்டே இறங்கினேன். ஆயில் கசிவு மட்டும் முழுக்க நிற்கவில்லை, வாரத்துக்கு ஒரு சொட்டு அட்டையில் விழுகிறது. அதைப் பெரியவரிடம் சொன்னபோது, “ஆயில் இருக்குன்னு வண்டியே சொல்லுது தம்பி” என்று சிரித்தார்.

எடுத்த பழைய லே ஷாப்ட், நீடில்கள், அந்த வெட்டிய ஸ்பிரிங், எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என் மேஜையில் இருக்கின்றன. எந்தப் பட்டறையானாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். டம்மி ஷாப்டும் அதோடுதான் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணனிடமிருந்து போன். “சார், ஒரு கெசல் வந்திருக்கு. அதே பெட்டிதான். அந்த டம்மி ஷாப்ட் கொஞ்சம் தர்றீங்களா? பத்து நாள்ல குடுத்துடறேன்.” கெசல், ஹெரால்டுக்குப் பிறகு அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி கொண்டுவந்த கார். என்னென்ன செய்ய வேண்டும் என்று வண்டிக்காரரிடம் லிஸ்ட் எழுதி வாங்கினீர்களா என்று கேட்டேன். வாங்கியிருந்தார். டம்மி ஷாப்டைக் கொடுத்தேன், திருப்பித் தரும் தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான். தேதி போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நேற்றுகூடக் கேட்டேன்.

“நாளைக்கு வந்துடுங்க சார்.”